இருபத்து மூன்று தின்னர் பாட்டில்கள்

மாதத்தின் முதல் சனிக்கிழமை, காலை எட்டு மணிக்கு, குடியிருப்பின் சைக்கிள் கொட்டகையில் ஒரு மடக்கு மேஜை விரியும். அதன் பின்னால், முழங்கை வரை ரப்பர் கையுறையோடு அவர் உட்கார்ந்திருப்பார். தீர்ந்த பேட்டரி, உடைந்த தெர்மாமீட்டர், மீந்த பெயின்ட், ஆசிட் என்று வீட்டில் வைக்கவும் முடியாத, குப்பையில் போடவும் கூடாத எல்லாம் அவரிடம் வரும். பிள்ளைகள் வைத்த பெயர் விஷ மாமா. அவருக்கு அதில் வருத்தம் இல்லை.

முன்பு பிளம்பர். ஒரு வீட்டில் அடைத்துக்கொண்ட குழாயில் ஆசிட் ஊற்றினார். அதே குழாயில் வீட்டுக்காரர் காலையிலேயே பிளீச்சிங் கரைசல் ஊற்றியிருந்தார், சொல்லவில்லை. எழுந்த புகையை ஒரு மூச்சு இழுத்ததற்கு ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. திரும்பி வந்தபோது வாசனை தெரியவில்லை. "உங்களுக்கு மூக்கு கண்ணாடி மாட்டத்தான்" என்பார் மனைவி. அதன் பிறகுதான் நகர அலுவலகத்தில் இந்த வேலையைக் கேட்டு வாங்கினார்.

அலுவலகத்தின் விதிகளில் ஒன்று மட்டும் கறாரானது. லேபிள் இல்லாத பாட்டிலை வாங்கக் கூடாது. ஆனால் எந்த வீட்டில்தான் ஆசிட், ஆசிட் பாட்டிலிலேயே இருக்கிறது? பெரிய கேனில் வாங்கி, பழைய ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருப்பார்கள். மாதா மாதம் பத்துப் பன்னிரண்டைத் திருப்பி அனுப்புவார்.

அந்தச் சனிக்கிழமை ஒன்றைக்கூடத் திருப்ப முடியவில்லை. வந்த ஜூஸ் பாட்டில் ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தாள் ஒட்டி, நீல மையில் 'பெயின்ட் தின்னர்' என்று எழுதியிருந்தது. பத்து மணிக்கு எண்ணிப் பார்த்தார். இருபத்து மூன்று.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இத்தனை தின்னர் மீந்திருந்தால் குடியிருப்பு முழுக்கப் பளபளவென்று இருக்க வேண்டும். சுவரோ காறை உதிர்ந்து கிடக்கிறது. கையெழுத்து வேறு எங்கோ பார்த்ததாக இருந்தது. சட்டைப் பையில் காலையில் மனைவி எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டு. விரித்தார். 'பெரிய வெங்காயம்.' அதே நீல மை, அதே கொம்பு பெருத்த 'பெ'.

போன் செய்ததும் மனைவி இறங்கி வந்தார்.

"இது நீ எழுதினதா?"

"ஆமா. அக்கம்பக்கத்துல கேட்டாங்க, நேத்து எழுதிக் கொடுத்தேன்."

"எல்லாமே தின்னரா?"

"எனக்கு எப்படித் தெரியும்? தின்னர்னா நீங்க கேள்வி கேக்காம வாங்கிப்பீங்கன்னு தெரியும்."

"ஏம்மா, இதென்ன விளையாட்டா?"

"நீங்க திருப்பி அனுப்பினதெல்லாம் எங்க போகுதுன்னு நெனச்சீங்க? நம்ம சமையலறைக்குப் பின்னாடி இருக்கிற சாக்கடையில. போன மாசம் நான் ஜன்னலே திறக்கல. உங்களுக்கு நாத்தமா தெரியப்போகுது?"

அவர் மணியைப் பார்த்தார். பன்னிரண்டுக்கு அலுவலக வண்டி வந்துவிடும். கிடங்கில் தின்னர் என்று எழுதிய எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் கவிழ்ப்பார்கள். கவிழ்ப்பவர் அவருடைய பழைய பிளம்பிங் கூட்டாளி. இருபத்து மூன்றில் ஒன்று ஆசிட், ஒன்று பிளீச்சிங் என்றால் போதும். அனுப்பினால் அங்கே ஒரு மூச்சு. திருப்பினால் இங்கே சாக்கடை. தப்பு மனைவி எழுதியதா, தான் திருப்பி அனுப்பியதா? அதுவும் பிடிபடவில்லை.

கொண்டுவந்தவர்களைத் திரும்பக் கூப்பிட்டார். முதலில் வந்தவர் தரைத்தளத் தையல்காரர்.

"உள்ள என்ன சார்?"

"தின்னர்தான். லேபிள்ல போட்டிருக்கே."

"அது நேத்து ஒட்டினது சார்!"

"அப்ப எனக்கென்ன தெரியும்? நான் துணி தைக்கிறவன்."

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு வேறு விதமாகக் கேட்டார். "வீட்ல இது எங்க இருந்தது?"

"பாத்ரூம் ஜன்னல்ல." யோசிக்கவே இல்லை தையல்காரர்.

ஆசிட்டாக இருக்கலாம். பிளம்பராக எத்தனை வீட்டுக்குள் போய் வந்தவர் அவர்! பாத்திரம் தேய்க்கும் தொட்டிக்கு அடியில் என்றால் அடைப்பு நீக்கும் மருந்து. துணி துவைக்கும் இடமென்றால் பிளீச்சிங். பூந்தொட்டிக்குப் பின்னால் பூச்சிமருந்து. தின்னர் பரணில்தான் தூங்கும். ஒவ்வொருவரையும் இடம் கேட்டு, மனைவியின் எழுத்தை அடித்துவிட்டு, இடத்தையும் தன் சந்தேகத்தையும் எழுதித் தனித்தனி வாளியில் வைத்தார். மூன்றாம் மாடித் தம்பதி பரணா பூந்தொட்டியா என்று மேஜைக்கு முன்னாலேயே சண்டை போட்டார்கள். இரண்டையும் எழுதினார். கூட்டாளிக்குப் போன் போட்டு, "எதையும் டிரம்ல கவுக்காதே, ஒண்ணொண்ணா சோதிக்கச் சொல்லு" என்றார்.

பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம். ஒரு பாட்டில் மிச்சம். பச்சை மூடி. யாரும் சொந்தம் கொண்டாடவில்லை.

"அது நம்ம வீட்டுது," என்றார் மனைவி.

"எங்க இருந்தது?"

"உங்க பிளம்பிங் பெட்டியில."

அவர் பாட்டிலையே பார்த்தார். அந்தப் பெட்டியில் ஆசிட்டும் இருக்கும், பிளீச்சிங்கும் இருக்கும், மண்ணெண்ணெயும் இருக்கும். வெறும் தண்ணீராகவும் இருக்கலாம்.

"நீங்க ஊத்தி வெச்சதுதானே? யோசிங்க."

"யோசிக்கிறேன்."

"மத்தவங்கள மட்டும் அந்த விரட்டு விரட்டினீங்க!"

வண்டி ஹாரன் அடித்தது. அவர் ஒரு தாளைக் கிழித்து, 'என்னவென்று தெரியாது' என்று எழுதி ஒட்டி, பாட்டிலை மணல் வாளியில் நிறுத்தினார்.

"இதெல்லாம் ஒரு லேபிளா?" என்றார் டிரைவர்.

"இன்னைக்கு வந்ததுல நிச்சயமான லேபிள் இது ஒண்ணுதான். மத்ததுகிட்ட வைக்காதீங்க."

டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு ஏற்றினார். வண்டி திரும்பியது.

"அடுத்த மாசம் நானும் அப்படியே எழுதட்டுமா?" என்றார் மனைவி.

"எழுது. எங்க இருந்ததுன்னும் எழுது."

மேஜையை மடக்கினார். மூக்கு போன அன்றைக்கு அந்த வீட்டுக் குழாயில் ஊற்றியதன் மிச்சமா அது? இல்லை, அதற்கும் முந்தியதா? மாடிப்படி ஏறி முடித்த பிறகும், அந்தப் பச்சை மூடியை எப்போது திருகினோம் என்று அவருக்கு நினைவுக்கு வரவில்லை.