பாஸ்பைட் வாடை

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் 'கொழுப்பக்கா' என்று பெயர். உடம்பிலும் கொழுப்பு கிடையாது, பேச்சிலும் கிடையாது; பதினாறு வருஷமாகச் செயற்கைக் கொழுப்பு செய்வதால் ஒட்டிக்கொண்ட பெயர். நம் உயிரணுவுக்குத் தோலாக இருக்கும் பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பில் பாஸ்பரஸுக்கும் கார்பனுக்கும் நடுவே ஓர் ஆக்ஸிஜன் உண்டு. உடம்பின் நொதிகள் அங்கேதான் கத்தரி வைக்கும். அவள் அந்த ஆக்ஸிஜனுக்கு இடமே கொடுக்காமல் பாஸ்பரஸை நேரே கார்பனோடு சேர்த்துவிடுவாள். வெட்ட முடியாமல் நொதி திண்டாடும். அந்தத் திண்டாட்டத்தை வைத்துத்தான் நொதி வேலை செய்யும் விதத்தை வெளியூர் ஆய்வாளர்கள் பிடிப்பார்கள்.

அந்தச் சேர்க்கைக்கு வேண்டிய பாஸ்பைட் திரவத்தின் வாடை குடலைப் புரட்டும். என்னதான் தேய்த்துக் குளித்தாலும் தலைமுடியை விட்டுப் போகாது. பஸ்ஸில் அவள் பக்கத்து இருக்கை காலியாகவே வரும். அண்ணன் வீட்டுக்குப் போனால் அண்ணி பேசிக்கொண்டே ஜன்னலைத் திறப்பாள். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாத மனுஷிதான். ஆனாலும் இவள் போக்குவரத்தைக் குறைத்துக்கொண்டாள். நாளடைவில் அது நின்றே போனது.

ஒரு கோடையில் காய்ச்சல் வந்து ஒரு வாரம் தன் அறையில் தனியாகக் கிடந்தாள். எழுந்து வேலைக்குப் போன மூன்றாம் நாள், குடுவையைச் சூடான எண்ணெயில் இறக்கிவிட்டு வெப்பமானியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பேனா தீர்ந்துபோகப் பக்கத்து அறைக்குப் போனால் ஆளில்லை. அதற்கடுத்த அறையிலும் இல்லை. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். அத்தனை பேரும் கீழே வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். இவள் மேலே இருப்பது ஒருவருக்கும் நினைவில்லை.

இறங்கி வந்தவளைப் பார்த்துத் தலைமை விஞ்ஞானிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"நீங்க மேலயா இருந்தீங்க? நாத்தம் தெரியலையா?"

"என்ன நாத்தம்?" என்றாள்.

குடுவையின் மூடி இளகியிருந்தது. அவர் திட்டவில்லை. மூக்கு வேலை செய்யாதவரை அந்தத் திரவத்தைத் தொட விட முடியாது என்று சொல்லி, கடைசிக் கட்டச் சுத்திகரிப்புக்கு மாற்றிவிட்டார். காய்ச்சலில் போன முகரும் சக்தி திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அவளுக்கு வேறு கவலை பிடித்துக்கொண்டது. தன்மேல் இன்னும் வாடை வருகிறதா? சட்டையை முகர்ந்தால் வெறும் காற்று. அறையில் கேட்க ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனாள்.

"அண்ணி, மறைக்காம சொல்லுங்க. என் மேல வாடை வருதா?"

அண்ணி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவள் உச்சந்தலையில் மூக்கை வைத்து முகர்ந்தாள்.

"லேசா வருது. அதுக்காகவா இத்தனை நாள் வராம இருந்த?"

அவள் சாப்பிட உட்கார்ந்தாள். தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டாள். உப்பும் புளிப்பும் மட்டும் தெரிந்தன.

மூன்று மாதம் கழித்து, அவள் சுத்தம் செய்து அனுப்பிய பத்தொன்பது மில்லிகிராம் வெள்ளைப் பொடியை நொதியால் வெட்ட முடியவில்லை என்று அதைச் சோதித்தவர்களிடமிருந்து கடிதம் வந்தது. அண்ணிக்குப் போன் பண்ணிச் சொன்னாள்.

"அது நல்லதா, கெட்டதா?"

"நல்லதுதான் அண்ணி."

மூக்கு திரும்பவே இல்லை. தினமும் அறையைப் பூட்டும் முன் கேஸ் அடுப்பின் குமிழை இரண்டு தரம் தொட்டுப் பார்க்கிறாள். அவளுக்காக மோந்து பார்க்க அங்கே வேறு யாரும் இல்லை.