மூக்கண்ணன் கொளுத்தாத தீக்குச்சி

நாப்தாவிலிருந்து எரிவாயு செய்யும் ஆலையில் அவருக்கு மூக்கண்ணன் என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது.

அந்த ஆலையின் கூத்தே தனி. பெட்ரோலுக்குப் பங்காளியான நாப்தாவில் இருக்கும் கந்தகத்தை முதலில் துளி விடாமல் எடுத்துவிடுவார்கள். விட்டால் உள்ளே வினை நடத்தும் நிக்கல் செத்துப்போகும். பிறகு நீராவி சேர்த்துச் சூடாக்க, வீட்டு அடுப்புக்கான வாயு வரும். அதற்கு வாசனையே கிடையாது. கசிந்தால் ஒருவருக்கும் தெரியாது. அதனால் கடைசியில் ஒரு கந்தக நாற்றத்தைக் கலப்பார்கள். முன்வாசலில் விரட்டியவனைப் பின்வாசலில் வருந்தி அழைக்கிற கதைதான். நாற்றம் போதுமென்று கருவி சொன்னாலும் ஒரு மனித மூக்கும் சொல்லவேண்டும் என்பது அங்கே விதி. இருபத்தாறு வருஷமாக அந்த மூக்கு இவருடையது. தினமும் காலையில் முகர்ந்து, "இருக்கு" என்று சொல்லிக் கையெழுத்துப் போடுவார்.

ஒரு விடுமுறை நாள், மத்தியானம். வீட்டில் இவரும் மகளும்தான். அவள் துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். டீ போடலாமென்று அடுப்பருகே போய்த் தீப்பெட்டியைத் திறந்தார்.

"அப்பா, கொளுத்தாதீங்க!"

துணிக்கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்த மகள் குச்சியைத் தட்டிவிட்டாள். பாதி திறந்து கிடந்த அடுப்பின் குமிழைத் திருகி மூடி, ஜன்னல்களைத் திறந்தாள்.

"வாசல் வரைக்கும் நாறுதுப்பா! உங்களுக்கா தெரியல?"

அவர் மூச்சை இழுத்தார். ஒன்றுமில்லை. சோப்பை முகர்ந்தார், வெங்காயத்தைக் கிள்ளி முகர்ந்தார். ஒன்றுமே இல்லை. ஆறு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சலிலிருந்து சாப்பாடு சப்பென்று இருக்கிறதென்று மகளின் கையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஆலையில் குழாயைத் திறந்ததும், மூக்கைக் கேட்காமல் பழக்கதோஷத்தில் மனசே "இருக்கு" என்று சொல்லியிருக்கிறது. ஊர் முழுக்க அடுப்பெரிவது இந்தக் கையெழுத்தை நம்பி!

தெருவுக்கு வந்து ஆலைக்குப் போன் செய்தார். ஆய்வகத்தில் வேலை பார்க்கும் பெண் எடுத்தாள்.

"அம்மாடி, ஆறு மாசமா நான் போட்ட கையெழுத்து எதுவும் செல்லாது. என் மூக்கு போயிடுச்சு."

"தெரியும்ண்ணே."

"என்னது?"

"நீங்க அந்தப் பக்கம் போனதும் நான் ஒரு தடவை மோந்து பாத்துடுவேன். ஊருக்கு ஒரு கொறையும் வரலண்ணே. உங்களப் போல பெரியவர்கிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு எல்லாரும்…"

எல்லாருமா! ஜன்னல் வழியே பார்த்தார். மகள் குனிந்து, சிதறிய தீக்குச்சிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஊருக்குச் சரிம்மா," என்றார். "என் வீட்டுக்கு யாரும்மா மோந்து பாத்தீங்க?"