விடிந்தால் செத்துக் கிடக்கும் பேட்டரி

கார் பேட்டரியின் மூடியைத் திருகினால் மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு புளித்த நெடி வரும். அந்தத் திராவகம் தெறித்த துணி நாலு துவைப்பில் பொத்தலாகி உதிர்ந்துவிடும். எனக்கிருந்த ஒரே சட்டை அப்படித்தான் போயிற்று.

மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கு, திருமயத்துக்குப் பக்கத்தில் ஒரு செட்டியார் வீட்டில் கார் துடைக்கும் வேலை. தை பிறந்ததும் ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லித் தருவதாக டிரைவர் வீரையா அண்ணன் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் அங்கே கிடந்தேன். பேட்டரிக்குக் கிணற்றுத் தண்ணீர் ஆகாது, "உப்பு ஏறிரும்" என்பார். அதனால் மழை நாட்களில் வெள்ளை வேட்டியை நாலு மூலையும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கல்லைப் போட்டு, சொட்டுகிற தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்து வைப்பேன். ஓட்டிலிருந்து வடிகிற தண்ணீரைக்கூடச் சேர்க்கமாட்டேன்.

ஜப்பான்காரன் பர்மாவுக்குள் நுழைந்திருந்த அந்த மார்கழியில், பேட்டரி விடிந்தால் செத்துக் கிடந்தது. இன்ஜினைக் கிளப்ப முன்பக்கம் இரும்புக் "கைப்பிடி" போட்டுச் சுற்றிச் சுற்றி என் தோள்பட்டை வீங்கியது. முனைகளில் பூத்த பச்சையைச் சுடுதண்ணீரில் கழுவினோம், டைனமோ பெல்ட்டை இறுக்கினோம், புதுக்கோட்டைக்கு அனுப்பிச் சார்ஜ் ஏற்றி வந்தோம். இரண்டொரு நாளில் மறுபடியும் அதே கதைதான்.

"ஏன்டா, இது காரா, சண்டி மாடா? ஆளு விட்டுத் தள்ளவா வாங்குனேன்?" என்று முதலாளி கத்தினார்.

வயரில் எங்கோ கரண்ட் கசிகிறது என்று எனக்குச் சந்தேகம். ஒரு சாயங்காலம் அண்ணன் போன பிறகு பேட்டரிக் கம்பியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் பேட்டரி செத்திருந்தது; கழற்றிய கம்பியோ மாட்டி முடுக்கியிருந்தது. அப்படியானால் வயரில் கசிவில்லை; யாரோ ராத்திரியில் பேட்டரியை எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவந்து வைக்கிறார்கள்.

வேறு யாரிடம் சொல்வேன்? வீரையா அண்ணனிடம்தான் சொன்னேன்.

"யாருட்டயும் மூச்சு விடாதடா, நா பாத்துக்கிறேன்" என்று முதுகில் தட்டினார்.

மத்தியானமே முதலாளி கூப்பிட்டார். "கெணத்துத் தண்ணிய ஊத்துனியாமே? வீரையா கண்ணால பாத்தேங்கிறான்."

"இல்லங்கய்யா, மழைத் தண்ணிதாங்க."

"வாயாடாத. இனி இங்கிட்டு வராத."

அண்ணன் தலையைத் தூக்காமல் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பொழுது சாய, ஊரை விட்டுப் போகத் துணி மூட்டையோடு கடைவீதி வழியாக வந்தபோது, முதலாளியின் மைத்துனர் வீட்டில் ரேடியோ கேட்டது. ஊரில் மின்சாரம் கிடையாது. வாசலில் கூடியிருந்தவர்களை விலக்கி எட்டிப் பார்த்தேன். ரேடியோவுக்குக் கீழே எங்கள் பேட்டரி; வயர் மாட்டிக்கொண்டிருந்தவர் வீரையா அண்ணன்; எதிரே நாற்காலியில் முதலாளி. அவர் மகன் ரங்கூனில் இருந்தான், கடிதம் நின்றுபோயிருந்தது.

"அய்யா, அது நம்ம கார் பேட்டரிங்க!"

முதலாளி குனிந்து பேட்டரியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வீரையா அண்ணனைப் பார்க்கவில்லை.

"அங்கிட்டுப் போடா, சேதி கேக்க விடாம" என்று ரேடியோ பக்கம் காதைத் திருப்பிக்கொண்டார்.

நான் போய்விட்டேன். பல ஊர் சுற்றி, முன்பின் தெரியாதவர்களிடம் லாரி ஓட்டக் கற்றுக்கொண்டேன். கையால் சுற்றிக் கிளப்பும் கார்கள் இன்று இல்லை. பேட்டரியில் பாடும் அந்தப் பெரிய ரேடியோக்களும் இல்லை. செட்டியார் வீடு பூட்டிக் கிடக்கிறது. பெற்ற மனம் தவித்தது என்று முதலாளியை எப்போதோ மன்னித்துவிட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எந்த டிரைவரையும் "அண்ணே" என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை.