மெயில் போடாத தெரு

எங்கள் பகுதியில் எந்தப் போராட்டத்துக்கும் ஆள் வேண்டுமென்றால் பின்தெருவுக்குத்தான் வருவார்கள். பின்தெருவில் என்னிடம் வருவார்கள். கருவடிக்குப்பம் பக்கம் நாங்கள் குடியிருந்த இடத்தில் முன்தெரு, பின்தெரு என்று இரண்டே தெரு. முன்தெருவில் ஓய்வு பெற்ற அதிகாரிகள், வாத்தியார்கள், பிரெஞ்சு ராணுவ பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள். அவர்களிடம் நியாயம் நிறைய இருந்தது, வெயிலில் உட்கார ஆள்தான் இல்லை. குழாயில் தண்ணீர் நின்றுபோனால் நாங்கள் குடத்தோடு ரோட்டில் உட்காருவோம். அவர்கள் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு நிழலில் நிற்பார்கள். தண்ணீர் வந்ததும் முதலில் அவர்கள் வீட்டுக்குத்தான் போகும். அதை நான் குறை சொன்னதில்லை. அந்தப் பக்கம் பள்ளம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்களில் முன்தெரு முனையில் ஒரு பிராந்திக்கடை திறந்தார்கள். பாண்டிச்சேரியில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை. ஆனால் பத்தாவது படித்த என் மகள் அந்த வழியாகத்தான் சாயங்காலம் டியூஷன் போய்வர வேண்டும். கணக்கு அவளுக்கு ஏறாது. டியூஷன் இல்லையென்றால் தேற மாட்டாள். கடை வாசலில் நின்று குடித்தவர்கள் அவளைப் பார்த்துப் பாட்டுப் பாடினார்கள். கேட்டதும் நான் ஆள் திரட்டக் கிளம்பிவிட்டேன்.

முன்தெருச் சங்கத் தலைவர் கும்பிட்டுத் தடுத்தார்.

"ஒங்களுக்கு இனிமே கஷ்டமே வேணாம்மா. பாரீஸ்ல இருக்கற எம்பையன் இன்டர்நெட்டுல ஒரு குரூப்பு ஆரம்பிச்சிட்டான். ஒலகம் பூரா இருந்து கவர்மென்ட்டுக்கு மெயில் வந்து கொட்டப்போவுது பாருங்க."

கொட்டத்தான் செய்தது. பாரீஸ், கனடா, சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ எங்கள் தெருமுனைக்காகக் கவலைப்பட்டார்கள். கடையைக் கண்ணாலும் பார்க்காதவர்கள்தான் அதிகக் கோபமாக எழுதுகிறார்கள் என்று தலைவரே பெருமையாகச் சொன்னார். பேப்பரில் போட்டோவோடு வந்தது. ஒருவருக்கும் ஒரு சொட்டு வேர்க்கவில்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது. இத்தனை வருஷம் கைப்பிள்ளையை அக்கம்பக்கத்தில் விட்டுவிட்டு ரோட்டில் உட்கார்ந்ததெல்லாம் வீணோ என்றுகூட நினைத்தேன்.

கடையை எடுத்துவிட்டார்கள். வெற்றி என்று எங்கள் தெருவுக்கும் லட்டு அனுப்பினார்கள். நான் அதைப் பிட்டு வாயில் போடும்போது எதிர் மனையில் ஒரு டெம்போ வந்து நின்றது. அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாக இறக்கினார்கள். கடை ஊரைவிட்டுப் போகவில்லை. ஒரு திருப்பம் திரும்பி என் வாசலுக்கு நேரே வந்திருந்தது, அவ்வளவுதான்.

தலைவரிடம் ஓடினேன்.

"சார், இதுக்கும் ஒரு மெயில் போடச் சொல்லுங்க."

"அவங்கள்லாம் இப்ப பழைய பிரெஞ்சு வூடுங்கள இடிக்காம காப்பாத்தப் போயிட்டாங்கம்மா" என்றார். வருத்தத்தோடுதான் சொன்னார். "வேணும்னா நீங்களும் சேந்துக்கலாம். இமெயில் ஐடி இருக்கா?"

இருந்தால் இவர் வீட்டுப் படியேறுவானேன்?

பழையபடி பெண்களைக் கூட்டிக்கொண்டு கடைமுன் உட்கார்ந்தேன். முன்தெருவிலிருந்து நிழலில் நிற்கக்கூட ஒருவர் வரவில்லை. மத்தியானம் கலால் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து இறங்கினார். நல்ல மாதிரியாகவே பேசினார்.

"நாங்களா ஒண்ணும் பண்லம்மா. ஜனங்க கேட்டாங்க, மாத்துனோம். அம்மாம் மெயிலு!"

"நாங்களும் ஜனந்தான் சார்."

"ஒங்க தெருவுலேர்ந்து ஒரு மெயிலுகூட வரலியே. ஆட்சேபணை இல்லன்னு எழுதியாச்சு."

தெருவை அடைத்துக்கொண்டு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எங்களிடமே அதைச் சொன்னார். ஜீப் கிளம்பியதும் உலை வைக்க வேண்டுமென்று ஒவ்வொருத்தியாக எழுந்துபோனாள்.

மகள் டியூஷனை விட்டாள். வாசலில் கால் வைத்தால் அதே கூட்டம், அதே பாட்டு. ஜன்னலைச் சாத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்து கணக்குப் போட்டாள். மற்ற பாடமெல்லாம் தேறி, கணக்கில் மட்டும் போய்விட்டது.

ரிசல்ட் வந்த அன்று தலைவர் எங்கள் வீடு தேடி வந்தார். உள்ளே அவள் அழுதுகொண்டிருந்தது அவருக்கும் கேட்டது.

"அடடா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா? எம்பையன் இன்டர்நெட்டுலயே சொல்லிக் குடுத்திருப்பானே!"

மனதாரச் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.