போனுக்குள் ஒரு பாழடைந்த கோவில்

தெமோதரைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில், விரத நாளன்று, மகள் போனில் விளையாடிய மாயாஜால விளையாட்டை நானும் பார்த்தேன். பாழடைந்த கோவில் ஒன்று வந்தது. என்ன நடந்தது என்று சொல்ல அங்கே யாருமில்லை. சிலையைத் துணி மூடியிருந்தது. பக்கத்தில் குடம் இருந்த தடம் மட்டும் தெரிந்தது.

"அரக்கன் அழிச்சிட்டான்மா."

"இல்லடி. நம்ம கோவில் திருப்பணிக்கு முன்னால செஞ்ச மாதிரி, சாமியோட சக்திய குடத்துல எறக்கிக் கொண்டு போயிருக்காங்க. தேடிப் பாரு."

மகள் விளையாட்டுக்குள் தேடிப் போனாள். மலையுச்சிக் குடிசையில் அந்தக் குடம் இருந்தது, புதுப் பூவோடு. நான் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன்.

வாசலில் நின்ற கொழுந்தனார் சிரித்தார். "பேய் விளையாட்டையா கும்பிடுறீங்க அண்ணி? நாளைக்குக் கோவில்ல எந்த மூஞ்சியோட மாவிளக்கு எடுப்பீங்க?"

"இதே மூஞ்சியோடதான் தம்பி!"

மறுநாள் மாவிளக்கு எடுத்தேன். சாமியைக் காப்பாற்றியவர்கள் எந்த உலகத்தில் இருந்தாலும் கும்பிடுவேன்.