செமி பைனல் முடிஞ்சு வந்த பஸ்ஸுல

இன்னைக்கு தாராபுரத்துல என் மக காலேஜ் ஃபுட்பால் டீமுக்கு செமி பைனலுங்க. அவதான் கோல்கீப்பர். பாய்ஞ்சு பந்தைப் புடிக்கறப்ப எதிர் டீம் பொண்ணோட முட்டி இவ தலையில பலமா இடிச்சிருச்சு. உடனே எந்திரிச்சு நின்னு வெளையாடுனா. ஜெயிச்சுட்டாங்க.

நாங்க ரெண்டு பேரும் திருப்பூர் பஸ் ஏறுனோம்.

"அம்மா, யாருங்க ஜெயிச்சாங்க?"

கிண்டல் பண்றான்னு நெனச்சு, "நீங்கதான் கண்ணு"ன்னேன்.

கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "அம்மா, யாருங்க ஜெயிச்சாங்க?"

அப்பத்தான் இது கிண்டல் இல்லைன்னு புரிஞ்சுது. கோச்சுக்குப் போன் போட்டேன். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிருங்கம்மா"ன்னாரு. அவ கையை இறுக்கிப் புடிச்சவ, ஸ்கேன் ரூம் வாசல்லதான் உட்டேன்.

பயப்பட ஒண்ணுமில்லையாம். ஆனா இந்த சீசன்ல இனி வெளையாடவே கூடாதுன்னுட்டாரு டாக்டர்.

"ஞாயித்துக்கெழமை பைனலுங்கம்மா"ன்னு அழுதா.

இப்ப ஊட்டுல படுத்திருக்கறா. கண்ணை மூடுனாப் போதும், பயத்துல எழுப்பி எழுப்பி அவ பேரைக் கேக்கறேன். கடுப்பாகி, "உங்களுக்குத்தான் ஸ்கேன் எடுக்கோணும்"ங்கறா.

பொண்ணு வெச்சிருக்கறவங்க சொல்லுங்க, நான் பண்றது தப்புங்களா?