நான் எழுதிய வாறுகால் மனு

போன செவ்வாய்க்கிழமை எங்கள் தெருவில் என் மானம் போனது. பட்டப்பகலில், கடப்பாரையோடு வந்து தோண்டி எடுத்தார்கள். தோண்டச் சொல்லி மனு எழுதியவனும் நான்தான்.

விஷயம் இதுதான். ரெண்டு மாதமாக எங்கள் தெருவில் குடிதண்ணீர் நாறுகிறது. அடுத்த வீட்டு மளிகைக்கடை அண்ணாச்சியின் மகள் மகேஸ்வரி மஞ்சள்காமாலையில் படுத்துவிட்டாள். ப்ளஸ் டூ பரீட்சைக்கு இன்னும் பன்னிரண்டே நாள். வகுப்பில் முதல் மார்க் வாங்குகிற பெண். சும்மா இருக்க முடியுமா? பேனாவை எடுத்தேன். அரதப் பழசான வாறுகால், அலட்சியமான அதிகாரிகள் என்று நாலு பக்கம்... அடுக்குமொழி வேறு! தெருவே கையெழுத்துப் போட்டது. முதல் கையெழுத்து, கொஞ்சம் பெரிதாக, என்னுடையது.

வெளியூர் வாசகர்களுக்கு — வாறுகால் என்றால் சாக்கடை. கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்குப் பத்து வீடு இருந்த காலத்தில் கட்டியது. இப்போது அறுபது வீடு. எல்லாருக்கும் ப்ளான் அப்ரூவல் உண்டு. என் ப்ளானில் செப்டிக் டேங்க், பக்கத்தில் உறிஞ்சுகுழி என்று அழகாக வட்டம் போட்டிருந்தார் இன்ஜினியர். காகிதத்தில் அது நன்றாகத்தான் உறிஞ்சியது. கரிசல் மண்ணுக்குத்தான் ப்ளான் வாசிக்கத் தெரியவில்லை. ஒரு ஐப்பசி மழைக்கே ஊறிப்போய், போதும்டா சாமி என்று தண்ணீரை டேங்க்குக்கே திருப்பி அனுப்பிவிட்டது.

பிறகென்ன? ஊரோடு ஒத்து வாழ வேண்டாமா? எல்லாரையும் போல நானும் டேங்க்கிலிருந்து ஒரு குழாய் எடுத்து வாறுகாலில் விட்டேன். மேலே கடப்பாக்கல்லைப் போட்டு மூடி, அதன்மேல் ஒரு துளசித் தொட்டியும் வைத்தேன்.

குடிதண்ணீர்க் கதை தனி. எட்டு நாளைக்கு ஒரு தடவைதான் வரும். அதுவும் நூல் மாதிரி. மேலே ஏறாது. அதனால் வாசலில் குழி தோண்டி, குழாயைப் பள்ளத்தில் இறக்கிவைத்துப் பிடிப்போம். மற்றவர்கள் மூன்றடி தோண்டினார்கள். நான் படித்தவன் இல்லையா... ஐந்தடி! படிக்கட்டு வைத்த குழி தெருவிலேயே என்னுடையது ஒன்றுதான். வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுவேன்.

செவ்வாய்க்கிழமை நகராட்சி ஃபிட்டர் வந்தார். தெருமுனையில் ஆரம்பிப்பார் என்று பார்த்தால், நேராக என் குழிக்குள் இறங்கினார். அடியில் முழங்கால் அளவு தண்ணீர். மூடாத குழாய் அதற்குள் முங்கிக் கிடந்தது.

"இது என்ன தண்ணி சார்?"

"குழாய்த் தண்ணி... மிச்சம்."

"நல்லா மோந்து பாருங்க. வாறுகால் இங்கன இருந்து ஒரு முழம். உங்க குழி அதவிடப் பள்ளம். கரிசல் வெடிச்சுக் கெடக்கு, அது வழியா ஊறி உள்ள வந்திருக்கு. சப்ளைய நிப்பாட்டும்போது மெயின் குழாய் காத்த இழுக்கும். காத்து கிடைக்காட்டி இதத்தான் இழுக்கும். இழுத்துட்டுப் போயி பள்ளத்துல இருக்க வீட்டுக்குக் குடுக்கும்."

பள்ளத்தில் இருப்பது அண்ணாச்சி வீடு.

மேலே வந்தவர், துளசித் தொட்டியை நகர்த்திவிட்டு, கடப்பாரையால் நெம்பிக் கடப்பாக்கல்லையும் தூக்கினார். "இந்தக் குழாய யாரு சார் வச்சது?" மனுவில் கையெழுத்துப் போட்ட அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. அவரவர் வீட்டுக் கல் அவரவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

சாயங்காலம் அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். பத்தே அடி தூரம். அதற்குள் நகராட்சி, இன்ஜினியர், வாறுகால் கட்டிய மகராசன், கரிசல் மண் என்று எல்லாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிப் பார்த்துவிட்டேன். ஏற்ற வேண்டியவர்கள்தான். ஆனாலும் கூண்டில் எனக்கும் இடம் இருந்தது.

"அண்ணாச்சி, என் குழிதான்..."

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஃபிட்டர் சொன்னாரு சார். எங்க வீட்டு டேங்க் குழாயும் அந்த வாறுகால்லதான விழுது... யாரச் சொல்ல? மொதல்ல குழிய மூடுங்க. நானும் மூடிருதேன்."

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். கூசிப்போய் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே கட்டிலில் மகேஸ்வரி. மடியில் வேதியியல் புத்தகம். கண் இரண்டும் மஞ்சள். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்து கேட்டாள்: "உங்க வீட்ல யாருக்கும் ஒண்ணும் இல்லைலா மாமா? நீங்களும் இதே தண்ணிதான குடிக்கீய?"

"இல்லம்மா, எல்லாரும் நல்லாருக்கோம்" என்றேன்.

எங்கள் வீட்டில் ரெண்டு வருஷமாகத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம் என்று அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? வாறுகாலில் என்ன ஓடுகிறது என்று, விட்டவனுக்குத் தெரியாதா!